அந்த பத்து செகண்டு நீல ஸ்கிரீன்

ஆகஸ்ட் 30, 2025, சனிக்கிழமை. எட்டாம் வகுப்பு பசங்களுக்காக சந்திர கிரகணம் பத்தி ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன அனிமேஷன் பண்ணிட்டு இருந்தேன். செப்டம்பர் 7 ஞாயித்துக்கிழமை ராத்திரி முழு சந்திர கிரகணம், இந்தியா முழுக்க தெரியும், 82 நிமிஷம் நிலா பூமியோட நிழலுக்குள்ள முழுசா மூழ்கி சிவந்து நிக்கும். பசங்க மொட்டை மாடில நின்னு பாக்குறதுக்கு முன்னாடியே அங்க மேல என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு புரிஞ்சிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. புத்தகத்துல மூணு வட்டத்தை ஒரே கோட்டுல போட்டு வச்சிருப்பாங்க, அதை பாத்துட்டு எல்லா வருஷமும் ஒரு பிள்ளையாவது "அப்போ ஏன் சார் மாசாமாசம் கிரகணம் வர்றதில்ல"ன்னு கேக்கும். நிலாவோட பாதை சுமாரா 5 டிகிரி சாஞ்சிருக்கு, அதான் காரணம். அதை போர்டுல வரைஞ்சு புரிய வைக்கிறது கஷ்டம், சுத்த விட்டு காட்டினா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும். வியாழக்கிழமைக்குள்ள ரெண்டர், அதாவது ஒவ்வொரு பிரேமையும் படமா வரைஞ்சு எடுக்கிற வேலைய முடிச்சு வகுப்புல போட்டு காட்டணும்னு திட்டம்.

இந்த நேரத்துல தான் நான் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்தினேன். உபுண்டுங்கிற லினக்ஸ்ல 22.04 வெர்ஷன்ல இருந்தேன், அதுக்கு 2027 ஏப்ரல் வரைக்கும் சப்போர்ட் இருக்கு, அவசரமே கிடையாது. ஆனா 24.04க்கு மாறலாம்னு ரொம்ப நாளா நோட்டிஃபிகேஷன் வந்துட்டே இருந்துச்சு, சனிக்கிழமை லீவு, கரண்டும் நெட்டும் ஒழுங்கா இருந்துச்சு, சரி இன்னிக்கு பண்ணிடுவோம்னு உக்காந்துட்டேன். என் கம்ப்யூட்டர்ல இருக்கிறது என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி மெமரி, தனியா பவர் கேபிள் கேக்காத கார்டு, பழசு தான் ஆனா ப்ளெண்டருக்கு எனக்கு போதும்.

அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி கார்டை இயக்குற கிராபிக்ஸ் டிரைவரை எடுத்துடுங்க, முடிஞ்சப்புறம் புதுசா போட்டுக்கோங்கன்னு எங்கயோ படிச்சிருந்தேன். தப்பான யோசனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா திரும்ப போடும்போது என்ன நடக்கும்ங்கிறதை யாரும் அதுல சொல்லல, நானும் தேடல. டிரைவரை சுத்தமா நீக்கிட்டு அப்கிரேடை ஆரம்பிச்சேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரீபூட் ஆகி வந்தப்போ ஸ்கிரீன் அழகா 1920க்கு 1080ல தான் வந்துச்சு. என்விடியா டிரைவர் இல்லாதப்போ சிஸ்டத்தோட மையமான கெர்னல்லயே இருக்கிற நூவோன்னு ஒரு டிரைவர் வேலைய பாத்துக்கும், வெளியாளுங்க கார்டை ஆராய்ஞ்சு ஆராய்ஞ்சு எழுதின டிரைவர் அது, 2010ல 2.6.33 கெர்னல்ல சேந்துச்சு, அவங்க உழைப்பு மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. ஆனா என் கார்டு மாதிரி பாஸ்கல் வகை கார்டுகள்ல நூவோவால வேகத்தை ஏத்த முடியாது, அதுக்கு வேண்டிய என்விடியா கையெழுத்து போட்ட பர்ம்வேர், அதாவது கார்டுக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம், அதுகிட்ட இல்ல. ப்ளெண்டர் ரெண்டரை கார்டுல ஓட்ட வேண்டிய குடாங்கிற என்விடியா சாஃப்ட்வேரும் அதுல கிடையாது. அதனால என்விடியா டிரைவர் போட்டே ஆகணும்.

கமாண்ட் அடிக்கிற டெர்மினலை திறந்து 535ங்கிற வெர்ஷன் டிரைவரை ஆப்ட்ங்கிற கமாண்ட் வழியா இன்ஸ்டால் குடுத்தேன். நடுவுல ஊதா கலர்ல ஒரு பக்கம் வந்து செக்யூர் பூட் பத்தி ஏதோ நீளமா சொல்லிட்டு ஒரு பாஸ்வேர்ட் வைக்க சொல்லிச்சு, குறைஞ்சது எட்டு எழுத்து வேணும்னுச்சு, வச்சேன், ரெண்டாவது தடவையும் அடிச்சேன், ஓகே. இன்ஸ்டால் முடிஞ்சுது, ரீபூட் குடுத்தேன், அது வர்றதுக்குள்ள காபி போட்டு எடுத்துட்டு வந்துடலாம்னு அடுப்படிக்கு போயிட்டேன்.

திரும்பி வந்தா ஸ்கிரீன்ல எல்லாமே பெருசு பெருசா இருக்கு. லாகின் பெட்டி பாதி ஸ்கிரீனை அடைச்சிட்டு நிக்குது, எழுத்தெல்லாம் கொழகொழன்னு, மவுஸை நகத்தினா விட்டு விட்டு நகருது. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே போய் பாத்தா 1024க்கு 768, அது ஒண்ணு மட்டும் தான் இருக்கு, மாத்துறதுக்கு வேற எதுவுமே இல்ல. அபவுட் பக்கத்துல கிராபிக்ஸ்னு போட்டிருக்கிற இடத்துல கார்டு பேரு இருக்கணும், அங்க எல்எல்விஎம்பைப்னு இருந்துச்சு. இந்த வார்த்தைய எங்க பாத்தாலும் ஞாபகம் வச்சுக்கோங்க, கார்டு வேலை செய்யல, படம் வரையுற வேலை மொத்தத்தையும் பிராசஸர் தலையில கட்டியாச்சுன்னு அர்த்தம். ப்ளெண்டரை திறந்தா குடா பக்கத்துல பொருத்தமான ஜிபியு எதுவும் இல்லைன்னு சொல்லிடுச்சு. சிபியுல ஒரு பிரேம் ஓட்டி பாத்தேன், ஆறு நிமிஷம். எனக்கு 250 பிரேம் வேணும். ராத்திரி பகல் விடாம ஓடினாலும் 25 மணி நேரம், அதுவும் ஒரு தடவைலயே எல்லாம் சரியா வந்தா தான்.

அன்னிக்கு ராத்திரி பண்ணதெல்லாம் இப்போ நினைச்சா வருத்தமா இருக்கு, ஏன்னா ஒண்ணு கூட காரணத்தை தேடி பண்ணது இல்ல. 535ஐ எடுத்துட்டு 550 போட்டேன், ரீபூட், அதே கதை. 550ஐ எடுத்துட்டு திரும்ப 535, ரீபூட், அதே 1024க்கு 768. முதல் தடவை கேட்ட அந்த பாஸ்வேர்ட் கேள்வி இந்த ரெண்டு தடவையும் வரவே இல்ல, அது ஏன் வரலைன்னு கூட நான் யோசிக்கல. அப்புறம் யாரோ ஒருத்தர் எழுதி வச்சிருந்ததை பாத்துட்டு என்விடியா-எக்ஸ்கான்ஃபிக்னு ஒரு கமாண்ட் அடிச்சேன், அது எக்ஸ்ஆர்க்.கான்ஃப்னு ஒரு பைலை உண்டாக்கி "டிஸ்ப்ளேக்கு என்விடியா டிரைவரை மட்டும் தான் எடுக்கணும்"னு அதுல எழுதி வச்சிடுச்சு. டிரைவரே உள்ள வராதப்போ அதை மட்டும் தான் எடுக்கணும்னு சொன்னா என்ன ஆகும், அடுத்த ரீபூட்ல லாகின் பக்கமே வரல, கருப்பு ஸ்கிரீன், இடது மூலைல ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்னு.

இந்த நிலைமைல மாட்டினவங்களுக்கு சொல்றேன், பயப்படாதீங்க, உள்ள இருக்கிற பைலுக்கு ஒண்ணும் ஆகல. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேத்து அழுத்தினா வெறும் எழுத்து மட்டும் வர்ற லாகின் கிடைக்கும், அதுல பேரு பாஸ்வேர்ட் குடுத்து உள்ள போயிடலாம். நான் அப்படி போய் எக்ஸ்11 போல்டர்ல இருந்த அந்த கான்ஃப் பைலை அழிச்சேன், ரீபூட் பண்ணேன், பெரிய எழுத்து ஸ்கிரீனாவது திரும்ப கிடைச்சுது. அந்த எழுத்து லாகின் கூட வரலைன்னா கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எஸ்கேப் தட்டி, எந்த சிஸ்டத்தை ஏத்தணும்னு கேக்குற க்ரப் மெனுவுக்கு போங்க, பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்ட்டை அழுத்தி பிடிக்கணும். முதல் என்ட்ரில நின்னு ஈ அழுத்துங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி ஒண்ணு இருக்கும், அதோட கடைசில ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட்னு சேத்து எஃப்10 அழுத்துங்க. கெர்னல் கிராபிக்ஸ் கார்டை சீண்டாம சாதாரண ஸ்கிரீன்ல ஏறும். அந்த ஒரு தடவைக்கு மட்டும் தான், எதுவும் நிரந்தரமா மாறாது.

ஞாயித்துக்கிழமை காலைல டவுன்ல ஒரு சர்வீஸ் கடைக்கு போன் பண்ணி கேட்டேன். ஸ்கிரீன் எப்படி இருக்குன்னு நான் சொன்னதை வச்சே, சார் கார்டு போயிடுச்சு, பழைய கார்டு தானே, புதுசு போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. நேத்து மத்தியானம் வரைக்கும் ஓடின கார்டு, நூவோல 1080ல படம் காட்டின கார்டு, எப்படி போயிருக்கும்னு எனக்கு மனசு ஒப்பல. ஆனா ஒரு நிமிஷம் புது கார்டு விலை என்னன்னு தேடிட்டேன், அது உண்மை.

ராத்திரி தான் அக்கா பையனுக்கு போன் போட்டேன். கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல இருக்கான்.

"மாமா, எதையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க. நான் சொல்றதை மட்டும் ஒண்ணொண்ணா அடிச்சு, என்ன வருதோ அப்படியே படிங்க."

முதல்ல எல்எஸ்பிசிஐ கமாண்ட், கூட ஹைபன் கே. கார்டு பேரு வந்துச்சு, அதுக்கு கீழ கெர்னல் மாட்யூல்ஸ்னு ஒரு வரில நூவோ, என்விடியா எல்லாம் வரிசையா இருந்துச்சு. "கெர்னல் டிரைவர் இன் யூஸ்னு ஒரு வரி இருக்கா மாமா?" இல்ல. அந்த வரியே இல்ல. அப்போ கார்டு நல்லா இருக்கு, கம்ப்யூட்டருக்கு கார்டு தெரியுது, ஆனா எந்த டிரைவரும் அதை பிடிச்சுக்கலன்னு சொன்னான். கடைக்காரர் சொன்னது தப்புன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்தது டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ். இது என்னன்னு கொஞ்சம் சொல்லணும். டிரைவரோட ஒரு பகுதி கெர்னலுக்குள்ள போய் உக்காரணும், அதை மாட்யூல்னு சொல்வாங்க. கெர்னல் மாற மாற அந்த மாட்யூலையும் அந்த கெர்னலுக்கு ஏத்த மாதிரி புதுசா கட்டணும், அந்த வேலைய தானா பண்றது தான் டிகேஎம்எஸ். கெர்னல் ஹெட்டர்ஸ் பேக்கேஜ் இல்லைன்னா கட்ட முடியாம நின்னுடும், நிறைய பேருக்கு அப்கிரேடுக்கு அப்புறம் பிரச்சனை வர்றது அங்க தான். எனக்கு அப்படி இல்ல. என்விடியா 535, 6.14 கெர்னல், இன்ஸ்டால்டுன்னு சுத்தமா வந்துச்சு. கட்டியாச்சு, வச்சாச்சு, எல்லாம் ரெடி.

"அப்போ கைல தள்ளி பாப்போம் மாமா, சூடோ போட்டு மோட்ப்ரோப் என்விடியா."

அடிச்சேன். ஒரே ஒரு வரி. கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்.

அவன் ரெண்டு செகண்டு பேசவே இல்ல. அப்புறம் கேட்டான், "மாமா, செக்யூர் பூட் ஆன்ல இருக்கா?" மோக்யூடில்னு ஒரு கமாண்ட் சொன்னான், அடிச்சா செக்யூர்பூட் எனேபிள்டு. "டிரைவர் போடும்போது பாஸ்வேர்ட் ஏதாச்சும் கேட்டுச்சா? ரீபூட் ஆகும்போது நீலமா ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?"

பாஸ்வேர்ட் கேட்டுச்சு, நீல ஸ்கிரீன் எதுவும் வரலடான்னேன். ஸ்பீக்கர்ல தான் பேசிட்டு இருந்தேன், பக்கத்துல துணி மடிச்சிட்டு இருந்த என் மனைவி நிமிந்து பாத்தாங்க. "ஏங்க, நேத்து நீங்க காபி போட போனப்போ நீலமா என்னமோ வந்துச்சே, நம்பர் ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, உங்களை கூப்பிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அதுவே போயிடுச்சு."

அது தான். மொத்த பிரச்சனையும் அந்த பத்து செகண்டு தான்.

என்ன நடந்துச்சுன்னா, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா தெரிஞ்ச சாவியால கையெழுத்து போட்ட மாட்யூலை மட்டும் தான் கெர்னல் உள்ள விடும். முன்னாடி 22.04ல நான் டிரைவர் போட்டது அடிஷனல் டிரைவர்ஸ் பக்கத்துல இருந்து, அதுல வந்தது உபுண்டுவே முன்கூட்டியே கட்டி கையெழுத்து போட்டு வச்சிருக்கிற மாட்யூல், அதனால எந்த கேள்வியும் இல்லாம உள்ள போச்சு. இந்த தடவை நான் டெர்மினல்ல போட்டப்போ வந்தது டிகேஎம்எஸ் வகை, அதாவது என் கம்ப்யூட்டர்லயே கட்டினது. அதுக்கு கையெழுத்து போட்டதும் என் கம்ப்யூட்டரே உண்டாக்கின ஒரு சாவி. அந்த சாவிய "இது என்னுது தான், நம்பலாம்"னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற மனுஷன் ஒரு தடவை கைப்பட சொல்லணும், அதுக்கு தான் ரீபூட்ல அந்த நீல ஸ்கிரீன். எம்ஓகேன்னு சொல்றாங்க, மெஷின் ஓனர் கீ. பத்து செகண்டுக்குள்ள எந்த பட்டனையும் தொடலைன்னா ஆள் இல்லைன்னு நினைச்சு அது பாட்டுக்கு பூட் ஆயிடும், அடுத்த தடவை வராது.

சரி, என்விடியா உள்ள வரலைன்னா நூவோவாவது வந்து 1080 காட்டியிருக்கணுமேன்னு கேட்டேன். என்விடியா பேக்கேஜ் போடும்போதே நூவோவை ஏத்தாதேன்னு ஒரு சின்ன பைலை வச்சிடும், ரெண்டும் ஒரே கார்டுக்கு அடிச்சுக்க கூடாதுன்னு. அப்போ நிலைமை என்னன்னா, பழைய வாட்ச்மேனை வேலைய விட்டு நிறுத்தியாச்சு, புதுசா வந்தவர்கிட்ட ஐடி கார்டு இல்லைன்னு கேட்டுலயே நிறுத்தி வச்சாச்சு, வீட்டுல யாருமே இல்ல. அதான் 1024க்கு 768. நான் எத்தனை தடவை டிரைவரை எடுத்து எடுத்து போட்டாலும் வாசல்ல நிக்கிற ஆள் தான் மாறுவார், ஐடி கார்டு வராது.

பேசாம பயாஸ்ல போய் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடலாமான்னு கேட்டேன், நெட்ல பாதி பேர் அதை தான் சொல்றாங்க. பண்ணலாம், உடனே வேலையும் செய்யும். ஆனா எனக்கு அது பிடிக்கல. நான் ஸ்கூல்ல பத்து பேரோட பென்டிரைவை வாங்கி சொருகுறவன், பூட் ஆகுற வழில கண்டதும் நுழையாம பாத்துக்கிற காவல் அது, ஒரு டிரைவருக்காக அதை மொத்தமா எடுத்துவிட மனசு வரல. அது போக பக்கத்துலயே விண்டோஸ் வச்சு அதுல பிட்லாக்கர் போட்டிருக்கிறவங்க செக்யூர் பூட்டை மாத்தினா ரிகவரி கீ கேட்டு நிக்க வாய்ப்பு இருக்கு, அந்த கீ கைல இல்லைன்னா பெரிய சிக்கல். சாவிய பதிவு பண்றதுக்கு ரெண்டு நிமிஷம் தான் ஆகுது, அது தான் ஒழுங்கான வழி.

மோக்யூடில்ல இம்போர்ட் குடுத்து, ஷிம்-சைன்டு போல்டர்ல இருக்கிற மோக்.டிஇஆர் பைலை காட்டினேன். மறுபடி ஒரு பாஸ்வேர்ட். இதுல ஒண்ணு கவனிங்க, இது ஒரே ஒரு தடவைக்கான பாஸ்வேர்ட், உங்க லாகின் பாஸ்வேர்டா இருக்கணும்னு அவசியம் இல்ல. நீல ஸ்கிரீன்ல கீபோர்டு அமெரிக்க லேஅவுட்ல தான் இருக்கும், அதனால ஸ்பெஷல் எழுத்தெல்லாம் வேண்டாம், எட்டு நம்பரை வச்சு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ரீபூட் குடுத்தேன். நானும் என் மனைவியும் ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னோம், போன்ல அவனும் லைன்லயே இருந்தான்.

வந்துச்சு. நீலமா, நடுவுல ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கன்னு, கீழ 10, 9, 8. அழுத்தினேன். ஒரு மெனு வந்துச்சு, முதல் வரி கன்டினியூ பூட், கர்சர் அதுல தான் நிக்கும், அவசரத்துல என்டர் தட்டிடாதீங்க, தட்டினா திரும்ப முதல்ல இருந்து தான். ரெண்டாவது வரி என்ரோல் எம்ஓகே. அதுக்குள்ள போனா சாவிய பாக்கணுமா, மேல போகணுமான்னு கேக்கும், கன்டினியூ. பதிவு பண்ணவான்னு கேக்கும், யெஸ். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஸ்கிரீன்ல புள்ளி கூட விழாது, நான் கீ வேலை செய்யலயோன்னு பதறிட்டேன், பேப்பரை பாத்து நிதானமா எட்டு நம்பரையும் அடிச்சு என்டர் குடுத்தேன். ரீபூட்.

லாகின் பக்கம் சின்னதா, கூர்மையா, பழைய மாதிரி வந்து நின்னுச்சு. என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சேன், கட்டம் கட்டமா டேபிள் வந்துச்சு, கார்டு பேரு, 4096 எம்ஐபி, சூடு 44 டிகிரி. நேத்து முழுக்க டிரைவரோட பேச முடியலைன்னு மட்டுமே சொல்லிட்டு இருந்த கமாண்ட் அது. அந்த டேபிளை நான் படிச்சு காட்ட, அவன் ஹாஸ்டல்ல கத்தினான், "சூப்பர் மாமா!"

எல்லாரோட கம்ப்யூட்டர்லயும் இதே தான் பிரச்சனையா இருக்கும்னு சொல்ல வரல. ரொம்ப பழைய கார்டா இருந்தா கதை வேற. ஜிடி 710 மாதிரி கெப்ளர் வகை கார்டுக்கு 470 வரிசை டிரைவர் தான் கடைசி, அதுக்கும் சப்போர்ட் 2024 செப்டம்பரோட முடிஞ்சுது. அதுக்கும் முந்தின ஃபெர்மி கார்டுகளுக்கு 390, அது 2022 கடைசியோட முடிஞ்சுது. என் பாஸ்கல் கார்டுக்கும் 580 வரிசை தான் கடைசின்னு சொல்லிட்டாங்க. அப்கிரேடுக்கு முன்னாடி உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்னு அடிச்சு உங்க கார்டுக்கு எந்த நம்பர் காட்டுதுன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க. திரும்ப போடும்போதும் அந்த உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் வழியாவே போட்டா முன்கூட்டியே கையெழுத்து போட்ட மாட்யூலை தான் முதல்ல தேடும், நீல ஸ்கிரீன் தேவையே படாம போகலாம். ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு டிரைவர் கெர்னலோடயே வந்துடுது, இந்த கையெழுத்து சிக்கல் அவங்களுக்கு இல்ல.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டர் வேலைய ஓட விட்டுட்டு படுத்தேன். ஒரு பிரேமுக்கு அம்பது செகண்டு, 250 பிரேம், ரெண்டரை மணி வாக்குல எந்திரிச்சு வந்து பாத்தேன், நிலா அப்போ தான் நிழலை விட்டு வெளிய வந்துட்டு இருந்துச்சு, ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுட்டு இருந்துச்சு. வியாழக்கிழமை வகுப்புல போட்டேன். சாஞ்ச பாதைல நிலா நிழலுக்கு மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவைன்னு தப்பிச்சு தப்பிச்சு போயிட்டு கடைசில நேரா உள்ள நுழைஞ்சப்போ பின் பெஞ்சுல இருந்து "இப்போ மாட்டிக்கிச்சு சார்"னு ஒரு குரல் வந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு கெர்னல் அப்டேட் ஒண்ணு வந்துச்சு. டிகேஎம்எஸ் புது கெர்னலுக்கு மாட்யூலை கட்டி அதே சாவியால கையெழுத்து போட்டதை டெர்மினல்ல வரி வரியா பாத்தேன். ரீபூட் குடுத்தேன், அந்த இடத்தை விட்டு நகரல. என் மனைவி அடுப்படில இருந்து "காபி கொண்டு வரவா, இல்ல நீலமா வருதா?"ன்னு கேட்டாங்க. வரல, நேரா லாகின், 1920க்கு 1080. கொண்டு வாங்கன்னு சொன்னேன்.